லைபீரியா: விடுதலை பெற்றவர்கள் ஆண்ட 133 ஆண்டுகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களின் பின்பக்கத்தைக் கவனித்தவர்களுக்கு 'மன்றோவியா' என்ற பெயர் பழக்கமாகியிருக்கும். அது லைபீரியாவின் தலைநகர். அந்தக் கப்பல்களில் முக்கால்வாசி அந்த ஊரைக் கண்ணால்கூடக் கண்டிருக்காது, வரிக்காகவும் சட்ட வசதிக்காகவும் அங்கே பதிவு செய்திருப்பார்கள், அவ்வளவுதான். லைபீரியா என்றதும் பலருக்குத் தெரிவது ஒரு வாக்கியம்: அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் திரும்பிப்போய் அமைத்த நாடு, ஆப்பிரிக்காவின் முதல் குடியரசு. சரிதான். ஆனால் அந்த வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

இந்த நாட்டை அமெரிக்க அரசா உருவாக்கியது?

நேரடியாக இல்லை. 1816-இல் வாஷிங்டனில் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் அடிமை முறை ஒழிய வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்த பாதிரியார்களும் இருந்தார்கள், சொந்தத் தோட்டத்தில் அடிமைகளை வைத்துக்கொண்டு 'விடுதலையான கறுப்பர்கள் நம் ஊரில் உலாவினால் மற்ற அடிமைகளும் கெட்டுப்போவார்கள்' என்று கவலைப்பட்ட முதலாளிகளும் இருந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டன்தான் சங்கத்தின் முதல் தலைவர், அவரே அடிமைகளை வைத்திருந்தவர். இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே இடம், கறுப்பர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடலாம் என்பது. அரசு பணமும் கடற்படை உதவியும் கொடுத்தது, பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் இருந்த சுதந்திரக் கறுப்பர்களில் பெரும்பாலானவர்கள், 'நாங்கள் பிறந்த ஊர் இது, நாங்கள் ஏன் போக வேண்டும்' என்று இந்தத் திட்டத்தை அப்போதே எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போன இடம் காலியாகவா கிடந்தது?

எங்கே காலியாக இருக்கும்! டே, பாஸா, க்ரூ, கிரெபோ, வாய், கோலா, க்பெலே என்று பல மக்கள் அங்கே இருந்தார்கள். 1821 டிசம்பரில் மெசுராடோ முனையை 'வாங்கிய' கதை பிரபலமானது. துப்பாக்கி, வெடிமருந்து, புகையிலை, குடை, தொப்பி, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு பீப்பாய் ரம் என்று சில நூறு டாலர் பெறுமானமுள்ள சாமான்கள்தான் விலை. பேச்சுவார்த்தையின்போது அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஸ்டாக்டன் உள்ளூர்த் தலைவரின் தலையில் துப்பாக்கியை வைத்தார் என்றும் சொல்வார்கள். விற்றவர்களுக்கு 'நிலத்தை நிரந்தரமாக விற்பது' என்ற எண்ணமே இருந்ததா என்பது வேறு கேள்வி. அடுத்த ஆண்டே சண்டை வெடித்ததைப் பார்த்தால் பதில் ஓரளவு புரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். குடியேறியவர்கள் உள்ளூர் மக்களை 'நாகரிகமற்றவர்கள்' என்று எழுதிக்கொண்டிருந்த அதே 1830-களில்தான் வாய் மக்கள் தங்கள் மொழிக்கு ஒரு சொந்த எழுத்துமுறையையே உருவாக்கினார்கள்.

அடிமைப்பட்டு வந்தவர்களே எப்படி எஜமானர்கள் ஆனார்கள்?

முதலில் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துவிட வேண்டும். 1820-க்கும் 1843-க்கும் இடையில் போய்ச் சேர்ந்தவர்கள் 4,571 பேர், 1843 கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தவர்கள் 1,819 பேர்தான். மலேரியா அப்படி வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்களுக்குத் தெரிந்த 'நல்ல வாழ்க்கை' எது? வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் தாங்கள் வேலை செய்த பெரிய வீட்டின் வாழ்க்கை. அதனால் அந்தச் சூட்டில் கோட்டும் உயரமான தொப்பியும் போட்டார்கள், தூண் வைத்த வராந்தா வீடு கட்டினார்கள், ஊர்களுக்கு வர்ஜீனியா, லூசியானா, மேரிலாந்து என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டு வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு இரட்டைத்தன்மை உண்டு. அந்தப் பிள்ளைக்குக் குடும்பத்தின் பெயர் கிடைக்கும், பள்ளிக்கூடம் கிடைக்கலாம், ஞானஸ்நானம் நிச்சயம் கிடைக்கும், கூடவே விடியற்காலை முதல் வேலையும் கிடைக்கும். 'வீட்டோடு வைத்து வளர்க்கிறோம்' என்ற சொல்லின் இரண்டு முகமும் நமக்குத் தெரியாததல்ல. அப்படி வளர்ந்தவர்களில் சிலர் மேல்தட்டுக்கே ஏறினார்கள், அதனால்தான் அந்தத் தட்டு அத்தனை காலம் தாங்கியது.

நடுக்கடலில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு இங்கே இறக்கிவிடப்பட்ட சில ஆயிரம் பேரும் உண்டு. அவர்களை 'காங்கோ' என்று கூப்பிட்டார்கள். முதலில் மட்டம் தட்டும் பெயராக இருந்தது, பிறகு மொத்த மேல்தட்டுக்கே உள்ளூர் மக்கள் வைத்த பெயராகிவிட்டது.

1847-இல் குடியரசு என்று அறிவித்தார்களே, ஓட்டு யாருக்கு இருந்தது?

ஜூலை 26, 1847. வர்ஜீனியாவில் பிறந்த ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ் முதல் ஜனாதிபதி. பிரிட்டன் அடுத்த ஆண்டே அங்கீகரித்தது. பெற்ற தாய் போல இருக்க வேண்டிய அமெரிக்கா 1862 வரை இழுத்தடித்தது. கறுப்பினத் தூதர் ஒருவரை வாஷிங்டனில் வரவேற்க வேண்டிவருமே என்ற சங்கடம் தென்மாநிலத்தவர்களுக்கு.

அரசியல் சாசனம் அமெரிக்காவினுடையதைப் பார்த்து எழுதியது: செனட், பிரதிநிதிகள் சபை, உச்ச நீதிமன்றம், எல்லாம் உண்டு. 'கறுப்பினத்தவர் மட்டுமே குடிமக்களாக முடியும்' என்பது அதில் புதிதாகச் சேர்ந்த விதி, வேறு வடிவில் இன்றும் இருக்கிறது. வெள்ளையர்கள் நிலத்தை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது, காரணம் எனக்குப் புரிகிறது. வேடிக்கை என்னவென்றால் உள்நாட்டில் இருந்த பெரும்பான்மைக் கறுப்பினத்தவருக்கும் குடியுரிமை இல்லை. 1904-இல் ஜனாதிபதி ஆர்தர் பார்க்ளேதான் பூர்வகுடிகளையும் குடிமக்கள் என்று ஏற்றுக்கொண்டார். அதுவும் பிரெஞ்சுக்காரர்களும் பிரிட்டிஷாரும் எல்லையைக் கடித்துக்கொண்டே வந்த நேரத்தில், 'இந்த மக்கள் எங்கள் குடிமக்கள், இந்த நிலம் எங்களுடையது' என்று காட்ட வேண்டிய கட்டாயத்தில். ஓட்டு அப்போதும் கிடைக்கவில்லை. 1940-களில் பெண்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் ஓட்டு வந்தபோது, சொத்தோ குடிசை வரி கட்டிய சான்றோ வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது.

மொத்த மக்கள்தொகையில் குடியேறியவர்களின் வம்சம் சுமார் 5 சதவீதம் என்பார்கள்.

குடியேறியவர்களுக்குள்ளாவது ஒற்றுமை இருந்ததா?

இல்லை, அங்கேயும் நிறம் புகுந்தது. கலப்பினத்தில் பிறந்த வெளிர்நிற வணிகர்கள் குடியரசுக் கட்சி, கருநிறத்தவர்களும் விவசாயிகளும் 1869-இல் தொடங்கிய ட்ரூ விக் கட்சி. அந்தக் கட்சியின் முதல் ஜனாதிபதி எட்வர்ட் ராய் 1871-இல் லண்டனில் 1,00,000 பவுண்டு கடன் வாங்கினார். தள்ளுபடி, முன்கூட்டியே பிடித்த வட்டி என்று கழித்ததுபோக நாட்டுக்கு வந்தது கொஞ்சம்தான், அதிலும் எவ்வளவு கஜானாவுக்குப் போனது என்று பெரிய சண்டை. அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். தப்பிக்கும்போது கடலில் மூழ்கி இறந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கடன் மட்டும் நாட்டின் கழுத்தில் பல பத்தாண்டுகள் தொங்கியது.

பிறகு ஒரே கட்சி 100 ஆண்டுகளுக்கு மேல் எப்படி ஆண்டது?

1878 முதல் 1980 வரை ட்ரூ விக் கட்சிதான். உலகத்தில் இப்படி உட்கார்ந்த கட்சிகள் குறைவு. துப்பாக்கியால் மட்டும் இதைச் சாதிக்க முடியாது, அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நாட்டை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கடலோரம் 'கவுன்டி'கள் (நம் மாவட்டம் மாதிரி), அங்கிருந்துதான் செனட்டர்கள், அங்கேதான் சட்டம், நீதிமன்றம். உள்ளே இருந்த பெருநிலம் 'ஹின்டர்லாந்து'. அங்கே மாவட்ட ஆணையர்கள், அவர்களுக்குக் கீழே ஊர்த்தலைவர்கள். ஆணையரை நியமிப்பது ஜனாதிபதி, தலைவரை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் அவர் கையில். வரி வசூலிப்பது, சாலைபோட ஆள் அனுப்புவது, அதிகாரி வந்தால் சுமை தூக்க ஆள் கொடுப்பது எல்லாம் தலைவர்களின் வேலை. பக்கத்து பிரிட்டிஷ் காலனியான சியரா லியோனில் என்ன நடந்ததோ அதேதான், கொடி மட்டும் வேறு. ஆக, கறுப்பர்களே கறுப்பர்களை வைத்து நடத்திய காலனி ஆட்சி என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மேலே இருந்த அதிகாரம் சுற்றிச்சுற்றி சில குடும்பங்களுக்குள்தான்: பார்க்ளே, கிங், டென்னிஸ், டப்மன், டோல்பர்ட். ஒரே ஆள் அமைச்சராகவும் தேவாலய நிர்வாகியாகவும் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரத்துவச் சங்கத்தின் பெரிய புள்ளியாகவும் இருப்பார். மன்றோவியாவின் மேட்டில் இருந்த அந்தச் சங்கத்தின் மேசானிக் கோவில் நாடாளுமன்றத்தைவிட முக்கியமான கட்டடம் என்று ஊரே பேசியது. அரசு ஊழியர்களின் சம்பளத்தில் கட்சிக்கென்று பிடித்தம் இருந்தது. அரசு வேலையை விட்டால் படித்தவனுக்கு வேறு வேலையும் கிடையாது. எதிர்க்கட்சி ஆரம்பிக்க ஆள் எங்கிருந்து வரும்?

1927 தேர்தலில் அப்படி என்ன நடந்தது?

பதிவுசெய்த வாக்காளர்கள் 15,000-க்கும் குறைவு. ஜனாதிபதி சார்லஸ் கிங் வாங்கிய ஓட்டு சுமார் 2,40,000. எதிர்த்து நின்ற தாமஸ் ஃபாக்னருக்கு 9,000. கின்னஸ் புத்தகம் உலகத்தின் மிக மோசமான மோசடித் தேர்தல் என்று இதைப் பதிவு செய்தது. கள்ள ஓட்டு நமக்குத் தெரியாத கலை இல்லை, ஆனால் வாக்காளர் பட்டியலைப்போல பதினாறு மடங்கு ஓட்டு வாங்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

தோற்றவர் சும்மாவா இருந்தார்?

இல்லை, நல்ல வேளையாக. ஃபாக்னர் அமெரிக்காவுக்குப் போய் ஆட்சியிலிருப்பவர்களே ஆள் கடத்துகிறார்கள் என்று போட்டு உடைத்தார். ஸ்பெயினின் பெர்னாண்டோ போ தீவில் இருந்த கோகோ தோட்டங்களுக்கு உள்நாட்டு இளைஞர்களைப் படையைக் காட்டிப் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ், ஐ.நா.வுக்கு முன்பிருந்த அமைப்பு) ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது: பிரிட்டிஷ் மருத்துவர் கிறிஸ்டி, அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் சார்லஸ் ஜான்சன், லைபீரியாவின் சார்பில் முன்னாள் ஜனாதிபதி ஆர்தர் பார்க்ளே. 1930-இல் வந்த அறிக்கை, நடப்பது அடிமை முறையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத கட்டாய வேலை என்கிற அளவுக்குப் போனது, துணை ஜனாதிபதி ஆலன் யான்சியின் பெயரும் அதில் இருந்தது. அந்த டிசம்பரில் கிங்கும் யான்சியும் பதவி விலகினார்கள். கட்சி? அது அப்படியே இருந்தது. எட்வின் பார்க்ளே ஜனாதிபதியானார்.

ஃபயர்ஸ்டோன் ரப்பர் தோட்டத்துக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டா?

சுற்றிவளைத்து ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்ததும், 1922-இல் பிரிட்டன் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அந்தத் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள், கங்காணி பிடித்துக் கப்பலேற்றிய ஆட்கள். கட்டுப்பாட்டால் விலை ஏற, டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் பிரிட்டனை நம்பியிருக்க முடியாது என்று சொந்தத் தோட்டம் தேடி லைபீரியாவுக்கு வந்தார். 1926 ஒப்பந்தம்: 10 லட்சம் ஏக்கர் வரை, 99 ஆண்டு குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட். கூடவே 50 லட்சம் டாலர் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், கொடுத்ததும் ஃபயர்ஸ்டோனின் துணை நிறுவனமே. தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது ஊர்த்தலைவர்கள், தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்கும் பணம் உண்டு. நம் கங்காணி செய்த வேலையை அங்கே அரசே செய்தது.

தோட்டத்துக்கு ஹார்பெல் என்று பெயர், ஹார்வியையும் அவர் மனைவி ஐடபெல்லையும் சேர்த்து.

டப்மனை நல்ல தலைவர் என்கிறார்களே?

27 ஆண்டு ஆண்டவரைப் பற்றி நல்லது சொல்ல ஆள் இல்லாமல் இருக்குமா? வில்லியம் டப்மன் 1944-இல் வந்தார். 'திறந்த கதவு' என்று வெளிநாட்டு முதலீட்டை அழைத்தார், இரும்புத் தாது, ரப்பர், கப்பல் பதிவு எல்லாம் பணம் கொட்டியது. 'ஒருங்கிணைப்பு' என்று உள்நாட்டுக்குப் பயணம் போனார், தலைவர்களோடு அங்கிபோட்டு உட்கார்ந்து வழக்குக் கேட்டார், 1964-இல் உள்நாட்டு மாகாணங்களை நான்கு கவுன்டிகளாக்கினார். இதெல்லாம் உண்மை.

மறுபக்கம்: எட்டு ஆண்டு ஒரே தவணை என்றிருந்த விதியைத் தனக்காக மாற்றினார். 1951-இல் க்ரூ இனத்தைச் சேர்ந்த டிட்வோ ட்வே போட்டியிட வந்தபோது வேட்பாளராகவே விடவில்லை, அவர் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஊரெங்கும் சம்பளம் வாங்கும் உளவாளிகள். கதவைத் திறந்தார், யார் உள்ளே வரலாம் என்று வாசலில் நின்று அவரே சீட்டுக் கொடுத்தார்.

அரிசி விலையால் ஆட்சி கவிழ்ந்தது என்பது உண்மையா?

பாதி. வில்லியம் டோல்பர்ட் 1971-இல் ஜனாதிபதியானார், பாப்டிஸ்ட் போதகர், க்பெலே மொழி பேசுவார், எதிர்ப்புக் குரல்களைக் கொஞ்சம் விட்டுப்பிடித்தார். ஆனால் ஒரு தம்பி நிதியமைச்சர், இன்னொரு சகோதரர் செனட்டின் தலைவர். 1979-இல் 100 பவுண்டு அரிசி மூட்டையை 22 டாலரிலிருந்து 26 டாலராக்கலாம் என்று யோசனை வந்தது. உள்ளூர் விவசாயிக்கு ஊக்கம் என்றார்கள். 'யாருடைய வயலில் விளையும் அரிசிக்கு ஊக்கம்?' என்று ஜனங்கள் கேட்டார்கள். ஏப்ரல் 14 அன்று ஊர்வலத்தில் சுட்டார்கள், குறைந்தது 40 பேர் செத்தார்கள். கினியிலிருந்து படையை வரவழைத்துத்தான் அடக்க முடிந்தது. சொந்தப் படையின் சிப்பாய்கள் யார்? அதே அரிசியை அதே விலைக்கு வாங்கிய உள்நாட்டுப் பையன்கள். அந்த நாளை அவர்கள் மறக்கவில்லை.

1980-இல் என்ன நடந்தது?

ஏப்ரல் 12 விடியலில் மாஸ்டர் சார்ஜென்ட் சாமுவேல் டோ தலைமையில் 17 சிப்பாய்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து டோல்பர்ட்டைக் கொன்றார்கள். பத்து நாள் கழித்துக் கடற்கரையில் கம்பங்களில் கட்டி 13 பேரைச் சுட்டார்கள்: தலைமை நீதிபதி, சபாநாயகர், வெளியுறவு அமைச்சர், டோல்பர்ட்டின் சகோதரர். புகைப்படக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. அன்று மன்றோவியாவில் ஆடிப்பாடியவர்கள் ஏராளம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தப் படங்களையும் என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

அப்படியானால் பெரும்பான்மை மக்களின் ஆட்சி வந்துவிட்டதா?

வந்தது ஒரு பூர்வகுடி ஆள், ஆட்சி முறை பழையதுதான். எல்லாப் பதவியையும் மேலிருந்து ஒருவரே நியமிக்கும் நாற்காலி அது. அதில் டோ உட்கார்ந்தார், தன் கிரான் இனத்தவரை நிரப்பினார். அமெரிக்கா பனிப்போர்க் கணக்கில் பணத்தைக் கொட்டியது. 1985 தேர்தலில் தனக்கு 50.9 சதவீதம் என்று அறிவித்துக்கொண்டார் (கிங்கைவிட அடக்கமானவர் என்று சொல்லலாம்). அதே ஆண்டு நடந்த கலகத்துக்குப் பழிவாங்க நிம்பா பகுதியில் கியோ, மானோ மக்களை அவரது படை வேட்டையாடியது. 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கிளர்ச்சிப் படைத் தலைவர் சார்லஸ் டெய்லர் அந்த நிம்பா வழியாகத்தான் உள்ளே வந்தார், ஆள் சேர்ப்பது அவருக்குச் சிரமமாகவே இல்லை. இடையில் 1997-இல் டெய்லரே 75 சதவீத ஓட்டோடு ஜனாதிபதியானார். 2003 வரை இரண்டு உள்நாட்டுப் போர்கள், சுமார் இரண்டரை லட்சம் சாவுகள் என்று மதிப்பிடுகிறார்கள்.

போருக்குப் பிறகு ஜனாதிபதியான எல்லென் ஜான்சன் சர்லீஃப் பழைய மேல்தட்டைச் சேர்ந்தவர்தானே?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், பெயரும் தோரணையும் அப்படி. அவருடைய அப்பா கோலா இனத்தவர், தாய்வழித் தாத்தா ஜெர்மானியர். 'வீட்டோடு வைத்து வளர்ப்பது' என்று மேலே சொன்னேனே, அவரது பெற்றோர் இருவருமே மன்றோவியாவில் குடியேற்றக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள்தான். அவரே டோல்பர்ட்டின் கடைசி நிதியமைச்சர், 1980-இல் தப்பிய ஒருசில அமைச்சர்களில் ஒருவர். 2005 தேர்தலில் ஜெயித்து ஆப்பிரிக்காவின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் ஜனாதிபதியானார். அவர் காலத்தில் மன்றோவியாவில் காவலுக்கு இருந்த ஐ.நா. பெண் போலீஸ் பிரிவு இந்தியாவிலிருந்து போனது, 2007-இல், முழுக்கப் பெண்களைக் கொண்ட முதல் பிரிவு அது.

இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 2017-இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் வேயா ஜெயித்தார், 2023-இல் ஜோசப் போகாயிடம் ஒன்றேகால் சதவீத வித்தியாசத்தில் தோற்று மரியாதையாக ஒப்புக்கொண்டு இறங்கினார். 2018-இல் வந்த நில உரிமைச் சட்டம் ஊர்ப்பொது நிலத்தை அந்தந்தச் சமூகத்தின் சொத்து என்று ஏற்றது, என் கணக்கில் தேர்தல்களைவிட இது பெரிய செய்தி. ஆனால் 1986 அரசியல் சாசனத்தின்படி கவுன்டி நிர்வாகிகளை நியமிப்பது இன்றும் ஜனாதிபதிதான்.

தேசிய வாசகத்தை மாற்ற வேண்டும் என்று ஏன் சிலர் கேட்கிறார்கள்?

நாட்டின் முத்திரையில் ஒரு பாய்மரக் கப்பல் கரைக்கு வருகிறது. ஒரு பனை, ஒரு கலப்பை, உதிக்கும் சூரியன், பறக்கும் புறா. கரையில் மனிதர்கள் யாரும் இல்லை. மேலே வாசகம்: சுதந்திர வேட்கை எங்களை இங்கே கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் அந்த 'எங்களை' யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று பிடிபடாது, அதனால் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்த வசதி கிடையாது. எங்களை என்பதா, நம்மை என்பதா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நான் 'எங்களை' என்றுதான் எழுதினேன்.